ஆங்கில எண் சொற்களைச் சரியாகச் சொல்வதும் புரிந்துகொள்வதும்: கம்பம், குமுளி பக்கத்து மக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கம்பம், கூடலூர், குமுளி வட்டாரத்தில் மலையாளிகளோடு கணக்குப் பேச ஆங்கிலம் தேவையில்லை. இங்கே பத்து என்றால் அங்கேயும் பத்துதான். நூறு, ஆயிரம், லட்சம், கோடி எல்லாம் எல்லை தாண்டினாலும் விளங்கும். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறவர்கள் கூலி பேசி முடிக்கத் தமிழே போதும். ஆனால் தேக்கடிக்குப் படகு சவாரி வந்த வெளிநாட்டுக்காரர் மிளகு விலை கேட்கும்போது, வங்கியின் கஸ்டமர் கேரில் கணக்கு எண் கேட்கும்போது, ரிசார்ட் வேலைக்கான நேர்காணலில் சம்பளம் பேசும்போது ஆங்கில எண்தான் பேச்சு. நல்ல ஆங்கிலம் பேசுகிறவர்கள்கூட இந்த இடத்தில் திணறுவதைப் பார்க்கிறேன்.

காரணம், ஒன்று முதல் நூறு வரை வரிசையாக ஒப்பித்துவிட்டு அத்தோடு விட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் ஒரே எண்ணை இடத்துக்கு ஏற்ப வேறு வேறு விதமாகப் பிரித்துச் சொல்வார்கள். திண்டுக்கல்லில் இருந்து தேனி, கம்பம், குமுளி வழியாகக் கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலையின் எண் 183. சாலையாக இருந்தால் அது ‘ஒன் எய்ட்டி த்ரீ’. விடுதி அறை எண்ணாக இருந்தால் பெரும்பாலும் ‘ஒன் எய்ட் த்ரீ’. கடையில் ரூபாயாக இருந்தால் ‘ஒன் ஹண்ட்ரட் அண்ட் எய்ட்டி த்ரீ’. எந்த இடத்தில் எப்படிப் பிரிப்பது என்று பிடிபட்டுவிட்டால் பாதிப் பயம் போய்விடும். அதற்குத்தான் இந்த வழிகாட்டி.

படி 1: முப்பது சொற்கள் போதும்

ஜீரோ ஒன்று. ஒன் முதல் ட்வெல்வ் வரை பன்னிரண்டு. தர்ட்டீன் முதல் நைன்டீன் வரை ஏழு. ட்வென்ட்டி, தர்ட்டி என்று நைன்ட்டி வரை எட்டு. அதோடு ஹண்ட்ரட், தவுசண்ட். மொத்தம் 30 சொற்கள். இவற்றைக் கோத்தே பத்து லட்சத்துக்கு ஒன்று குறைவான எண் வரை சொல்லிவிடலாம்.

இதில் தமிழ்க் காதுக்குச் சிக்கல் 13 முதல் 19 வரை. நாம் பதிமூன்று என்கிறோம்: முதலில் பத்து, பிறகு மூன்று. ஆங்கிலத்தில் தர்ட்டீன்: முதலில் மூன்று, பிறகு பத்து. ‘டீன்’ என்றாலே பத்துதான். அதனால் சொல் முடியும்வரை காத்திருந்து கடைசி ஒலியைப் பிடிக்க வேண்டும். இருபதுக்கு மேலே போனால் நம் வழிக்கே வந்துவிடுவார்கள்: ட்வென்ட்டி த்ரீ, இருபத்து மூன்று. லெவனும் ட்வெல்வும் மட்டும் இந்த வரிசையில் சேராதவை. பழைய ஆங்கிலத்தில் பத்துக்கு மேல் ஒன்று மிச்சம், இரண்டு மிச்சம் என்ற பொருளில் வந்தவை அவை.

ஒரு விஷயத்தில் ஆங்கிலம் நம்மைவிட எளிது. தொண்ணூறு, தொள்ளாயிரம் என்று நாம் நூறையும் ஆயிரத்தையும் ஒட்டிச் சொல்கிறோம். அங்கே நைன்ட்டி, நைன் ஹண்ட்ரட் என்று நேராகவே போகும். சின்னப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

படி 2: டீனா, டியா?

அதிகம் பணம் போகிற இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம். குமுளியில் ஒரு மசாலாக் கடை. பட்டைப் பாக்கெட்டின் விலை 115. கடைப் பையன் ‘ஒன் ஃபிஃப்டீன்’ என்கிறான். வாங்க வந்தவர் 150 ரூபாயை எண்ணி நீட்டுகிறார். பையன் 35 ரூபாய் திருப்பிக் கொடுக்க, அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு எதற்கு என்று விழிக்கிறார். கல்லாவில் இருப்பவர் சொல்கிறார்: “தம்பி, வாயால சொன்னதோட விடாத, கால்குலேட்டர்ல அடிச்சுக் காட்டு.”

அந்தப் பழக்கம் மிக நல்லது, விடாதீர்கள். கால்குலேட்டர் கையில் இல்லாத நேரத்துக்கு இரண்டு வழி உண்டு.

முதல் வழி, அழுத்தம். ஃபிஃப்டீன் என்பதில் பின்பாதி நீளும், குரலும் அங்கே ஏறும்: ஃபிஃப்-டீஈன். ஃபிஃப்டியில் முன்பாதியில் அழுத்தம், பின்பாதி சட்டென்று குறுகி முடியும். ஆனால் இதை மட்டும் நம்பி இருக்க முடியாது. ‘ஃபிஃப்டீன் ருப்பீஸ்’ என்று பின்னால் ஒரு சொல் சேர்ந்து வந்தால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே அழுத்தத்தை முன்னுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அப்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கேட்கும். அதனால் நீங்கள் பேசும்போது கடைசி ‘ன்’ ஒலியை விழுங்காமல் சொல்லுங்கள்.

இரண்டாவது வழி இன்னும் உறுதியானது. எண்ணைச் சொன்ன கையோடு இலக்கங்களையும் சொல்லிவிடுவது. ‘ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்.’ ‘ஃபிஃப்டி, ஃபைவ் ஜீரோ.’ இப்படிச் சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டாம். விமானிகளும் கட்டுப்பாட்டு அறையும் முக்கியமான எண்களை இலக்கம் இலக்கமாகத்தான் சொல்லிக்கொள்கிறார்கள். ஃபைவ், நைன் இரண்டும் வானொலியில் குழம்பக் கூடாது என்று ஒன்பதை அவர்கள் ‘நைனர்’ என்றே சொல்வதுண்டு.

எதிரில் இருப்பவர் சொன்னது விளங்கவில்லையா? இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ‘குட் யூ சே தட் டிஜிட் பை டிஜிட், ப்ளீஸ்?’ பணம் சம்பந்தப்பட்ட எந்த இடத்திலும் இதைக் கேட்கலாம்.

படி 3: நூறுக்கு மேலே

டூ ஹண்ட்ரட், த்ரீ தவுசண்ட். முன்னால் எண் வந்துவிட்டால் ஹண்ட்ரடுக்கும் தவுசண்டுக்கும் பின்னால் ‘ஸ்’ சேராது. ‘ஹண்ட்ரட்ஸ் ஆஃப் பீப்பிள்’ என்று நூற்றுக்கணக்கானோரைக் குறிக்கும்போதுதான் அது வரும். ஹண்ட்ரடுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவே ‘அண்ட்’ போடுவது பிரிட்டிஷ் வழக்கம், நம் வழக்கமும் அதுவே. அமெரிக்கர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். இரண்டுமே சரி.

இந்த ஊரில் தினமும் காதில் விழும் ஓர் எண்ணை வைத்தே இன்னொரு விதியைப் பார்க்கலாம். முல்லைப் பெரியாறு அணையில் 142 அடி வரை தேக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீர்மட்டம் 142 அடி என்பதை ‘த வாட்டர் லெவல் இஸ் ஒன் ஹண்ட்ரட் அண்ட் ஃபார்ட்டி டூ ஃபீட்’ என்போம். ஆனால் 142 அடி மட்டம் என்று ஒரு பெயருக்கு முன்னால் ஒட்டி வரும்போது ஃபீட் என்பது ஃபுட் ஆகிவிடும்: ‘த ஒன் ஃபார்ட்டி டூ ஃபுட் லெவல்’. அணைக்கான நிலம் 1886இல் 999 வருடக் குத்தகைக்கு எடுக்கப்பட்டது. அதுவும் ‘எ நைன் ஹண்ட்ரட் அண்ட் நைன்ட்டி நைன் இயர் லீஸ்’தான், இயர்ஸ் இல்லை. ‘டென் ருப்பீ நோட்’, ‘டூ டே டூர்’, ‘த்ரீ ஹவர் ட்ரெக்’ எல்லாம் இதே கணக்கு. கைடு வேலை பார்க்கிறவர்கள் இந்த ஒரு விதியைப் பழகினாலே பேச்சு நன்றாகத் தெளிந்துவிடும்.

சுருக்கிப் பேசுவதில் கவனம் தேவை. ‘டூ ஃபிஃப்டி’ என்றால் நமக்கு 250. அமெரிக்கர் காதில் அது இரண்டு டாலர் ஐம்பது சென்ட் மாதிரி விழலாம். புதியவர்களிடம் ‘டூ ஹண்ட்ரட் அண்ட் ஃபிஃப்டி ருப்பீஸ்’ என்று முழுசாகச் சொல்லுங்கள். 1,200ஐ ‘ட்வெல்வ் ஹண்ட்ரட்’ என்று அவர்கள் சொன்னால் குழம்ப வேண்டாம், பன்னிரண்டு நூறு, அவ்வளவுதான். ‘டூ கே’ என்றால் இரண்டாயிரம்.

படி 4: லட்சமும் மில்லியனும்

லேக், க்ரோர் இரண்டும் நம் நாட்டு ஆங்கிலத்தில் முழு உரிமையோடு புழங்குகிற சொற்கள். ஆனால் இந்தியா பக்கம் பழக்கமில்லாத வெளிநாட்டவருக்கு விளங்காது. அவர்களுக்கு ஒரு லட்சம் ‘எ ஹண்ட்ரட் தவுசண்ட்’. பத்து லட்சம் ஒரு மில்லியன். ஒரு கோடி பத்து மில்லியன். நூறு கோடி ஒரு பில்லியன். லட்சம் கோடி ஒரு ட்ரில்லியன்.

இதில் பத்து லட்சம் ஒரு மில்லியன் என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக வரும். லட்சத்தைப் பத்தால் வகுத்தால் மில்லியன். 25 லட்சம் என்றால் 2.5, அதாவது ‘டூ பாயின்ட் ஃபைவ் மில்லியன்’. 3 கோடி என்றால் பத்தால் பெருக்கி ‘தர்ட்டி மில்லியன்’.

எழுத்திலும் பார்வை பழக வேண்டும். நாம் 1,00,000 என்று காற்புள்ளி வைப்போம், அவர்கள் 100,000 என்று வைப்பார்கள். காற்புள்ளியை விட்டுவிட்டு சுழியத்தை எண்ணுங்கள். பழைய ஆங்கிலப் புத்தகம் படிப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: பிரிட்டனில் முன்பு பில்லியன் என்றால் லட்சம் கோடி. 1974இல்தான் அந்நாட்டு அரசு நூறு கோடி என்ற கணக்குக்கு முறைப்படி மாறியது.

படி 5: போன் எண், அறை எண், 108

இங்கே ஹண்ட்ரடும் இல்லை, தவுசண்டும் இல்லை. இலக்கம் இலக்கமாகத்தான் சொல்ல வேண்டும். பத்து இலக்க மொபைல் எண்ணை ஐந்து ஐந்தாகப் பிரித்து நடுவே மூச்சு விடுங்கள். ஒரே இலக்கம் இரண்டு முறை வந்தால் டபுள், மூன்று முறை வந்தால் ட்ரிபிள். 98844 என்றால் ‘நைன் டபுள் எய்ட் டபுள் ஃபோர்’. இது இந்தியாவிலும் பிரிட்டனிலும் சகஜம். அமெரிக்கரிடம் ‘எய்ட் எய்ட்’ என்று தனித்தனியாகச் சொல்வதே நல்லது. போனில் யார் கேட்டாலும், வங்கியில் இருந்து பேசுகிறேன் என்றாலும், ஓ.டி.பி. எண்ணை மட்டும் எந்த மொழியிலும் சொல்லிவிடாதீர்கள்.

சுழியத்துக்குத்தான் ஆங்கிலத்தில் எத்தனை பெயர்! கணக்கில், அறிவியலில் ஜீரோ. போன் எண்ணிலும் அறை எண்ணிலும் பலர் ‘ஓ’ என்பார்கள். 108 ஆம்புலன்ஸை நம் ஊரில் ஆங்கிலத்தில் ‘ஒன் நாட் எய்ட்’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த நாட் என்பதும் சுழியம்தான், பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போன சொல். கால்பந்தில் கோல் இல்லை என்றால் நில், டென்னிஸில் லவ், கிரிக்கெட்டில் ரன் எடுக்காமல் அவுட் ஆனால் டக்.

அவசர உதவி எண் 112. அது ‘ஒன் ஒன் டூ’. ‘ஒன் ட்வெல்வ்’ என்று சேர்த்துச் சொன்னால் பதற்றத்தில் இருப்பவருக்கு எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாது.

மாடி எண்ணையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நமக்கும் பிரிட்டனுக்கும் தரைத்தளம் கிரவுண்ட் ஃப்ளோர், அதற்கு மேலே ஃபர்ஸ்ட் ஃப்ளோர். அமெரிக்காவில் தரைத்தளமே ஃபர்ஸ்ட் ஃப்ளோர். விடுதியில் வேலை பார்ப்பவர்கள் ‘ஒன் ஃப்ளோர் அப்’ என்று கையைக் காட்டிச் சொல்லிவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விருந்தினர் அலைய வேண்டியிருக்காது.

படி 6: ஆண்டும் தேதியும்

ஆண்டை இரண்டு இரண்டு இலக்கமாகப் பிரிப்பார்கள். குத்தகை ஆண்டு 1886 ‘எய்ட்டீன் எய்ட்டி சிக்ஸ்’. பென்னிகுவிக் அணையைக் கட்டி முடித்த 1895 ‘எய்ட்டீன் நைன்ட்டி ஃபைவ்’. 1905 என்றால் நடுவே ஓ வரும்: ‘நைன்டீன் ஓ ஃபைவ்’. 1900 ‘நைன்டீன் ஹண்ட்ரட்’. 2005 மட்டும் ‘டூ தவுசண்ட் அண்ட் ஃபைவ்’ என்று முழு எண்ணாகப் போகும். 2014இல் திரும்பவும் பழைய வழி: ‘ட்வென்ட்டி ஃபோர்ட்டீன்’.

அணை 1895இல் முடிந்ததால் அது பத்தொன்பதாம் நூற்றாண்டு, நைன்டீன்த் செஞ்சுரி. 18 என்று தொடங்குகிறதே என்று எய்ட்டீன்த் செஞ்சுரி என்று சொல்லிவிடக் கூடாது. கைடுகளிடம் நான் அடிக்கடி கேட்கும் தவறு இது.

தேதியில் வரிசை எண் வேண்டும்: ஃபர்ஸ்ட், செகண்ட், தர்ட். அதற்கு மேல் பெரும்பாலும் ‘த்’ சேர்த்தால் போதும். 21, 22, 23 ஆகியவற்றில் கடைசிச் சொல் மட்டும் மாறும்: ட்வென்ட்டி ஃபர்ஸ்ட், ட்வென்ட்டி செகண்ட், ட்வென்ட்டி தர்ட். முன்பதிவில் 5/6 என்று எழுதினால் நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் மாதத்தை எப்போதும் எழுத்தால் எழுதுங்கள். ஒரு மாத வித்தியாசத்தில் குடும்பத்தோடு வந்து நிற்பவரை என்ன செய்வது?

படி 7: மணி சொல்லும்போது

ஐந்தேகால் ‘குவார்ட்டர் பாஸ்ட் ஃபைவ்’. ஐந்தரை ‘ஹாஃப் பாஸ்ட் ஃபைவ்’. இதுவரை நம் போக்குத்தான். ஐந்தே முக்காலில் அது மாறும். ஆங்கிலத்தில் ஆறை முன்வைத்து ‘குவார்ட்டர் டு சிக்ஸ்’ என்பார்கள். சிக்ஸ் என்று காதில் விழுந்ததும் ஆறேகால் என்று நினைத்துவிடாமல் முன்னால் வந்தது பாஸ்டா, டுவா என்று கவனியுங்கள்.

தேக்கடியில் வண்டி ஓட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்: பிரிட்டிஷ்காரர் ‘ஹாஃப் ஃபைவ்’ என்றால் ஐந்தரை. ஜெர்மன்காரர் அதையே தன் மொழிப் பழக்கத்தில் சொன்னால் நாலரையாக இருக்கலாம், ஏனென்றால் ஜெர்மன் மொழியில் ஐந்தை நோக்கி அரை என்பதுதான் கணக்கு. விடியற்காலை சவாரிக்கு ஒரு மணி நேரம் தப்பினால் படகு போய்விடும். ‘ஃபோர் தர்ட்டியா, ஃபைவ் தர்ட்டியா?’ என்று கேட்டு உறுதி செய்யுங்கள். பகல் பன்னிரண்டை ‘ட்வெல்வ் நூன்’ என்றும் இரவு பன்னிரண்டை ‘மிட்நைட்’ என்றும் சொல்லிவிட்டால் ஏ.எம்., பி.எம். குழப்பம் இல்லை. ஃபோர்ட்நைட் என்றால் பதினான்கு இரவு, இரண்டு வாரம்.

படி 8: கால், அரை, முக்கால்

குவார்ட்டர், ஹாஃப், த்ரீ குவார்ட்டர்ஸ். ஒன்றரைக்கு ‘ஒன் அண்ட் எ ஹாஃப்’, நடுவே உள்ள ‘எ’ முக்கியம், நம்மில் பலர் அதை விட்டுவிடுகிறோம். அதன் பின்னால் வரும் சொல் பன்மையாகும்: ‘ஒன் அண்ட் எ ஹாஃப் ஹவர்ஸ்’. தாத்தா காலத்து அரைக்கால் ‘ஒன் எய்ட்த்’, மாகாணி ‘ஒன் சிக்ஸ்டீன்த்’.

புள்ளிக்குப் பிறகு வருவதைச் சேர்த்துச் சொல்லக் கூடாது. 2.75 கிலோ ‘டூ பாயின்ட் செவன் ஃபைவ்’, ‘செவன்ட்டி ஃபைவ்’ இல்லை. பணத்துக்கு மட்டும் விதிவிலக்கு: ‘டூ ருப்பீஸ் செவன்ட்டி ஃபைவ் பைசா’.

படி 9: காசோலையில் எழுதும்போது

எண் சொல்லுக்குச் சட்டத்தில் எவ்வளவு மதிப்பு என்று இங்கே தெரியும். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 18ஆம் பிரிவு: தொகை எண்ணாலும் எழுத்தாலும் வேறுபட்டால் எழுத்தால் எழுதியதே செல்லும். நடைமுறையில் வங்கி அப்படிப்பட்ட காசோலையைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்பதால் இரண்டும் பொருந்தும்படி எழுதுவதே நல்லது. இடது ஓரத்தில் இடம் விடாமல் தொடங்கி, ‘ஃபிஃப்டீன் தவுசண்ட் ஒன்லி’ என்று முடித்து, மிச்ச இடத்தில் கோடு இழுத்துவிடுங்கள்.

எழுத்துப் பிழை வரும் இடங்கள் சிலதான். ஃபோர், ஃபோர்ட்டீன் இரண்டிலும் யு எழுத்து உண்டு, ஃபார்ட்டியில் கிடையாது. நைன்ட்டியில் நைனின் கடைசி ஈ இருக்கும், நைன்த்தில் போய்விடும். எய்ட்த் என்பதில் டி எழுத்து ஒன்றுதான். ட்வெல்வின் வி, ட்வெல்ஃப்த்தில் எஃப் ஆகும், ஈ விழுந்துவிடும். 21 முதல் 99 வரை இரண்டு சொல்லாக வருபவற்றின் நடுவே சின்னக் கோடு போட வேண்டும்.

எண்ணாக இல்லாமல் பேச்சில் புழங்கும் எண்கள்

செகண்ட் ஹேண்ட், ஃபர்ஸ்ட் எய்ட், ஃபிஃப்டி ஃபிஃப்டி எல்லாம் எல்லோருக்கும் தெரியும். டீன் ஏஜ் என்பது டீனில் முடியும் வயதுகள், 13 முதல் 19 வரை. ‘இன் ஹெர் தர்ட்டீஸ்’ என்றால் முப்பதுகளில் இருக்கும் பெண். ‘எ கபிள் ஆஃப் டேஸ்’ இரண்டு நாள், சிலருக்கு இரண்டு மூன்று நாள். டீக்கடை ‘ஒன் பை டூ’வும் ஏமாற்றுக்காரரைச் சொல்லும் ‘ஃபோர் ட்வென்ட்டி’யும் நம் ஊர்ச் சரக்கு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவில் இருந்து வந்தது அது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் ஏமாற்றுக் குற்றம் 318ஆம் பிரிவுக்குப் போய்விட்டது, பேச்சில் மட்டும் 420 அப்படியே இருக்கிறது. வெளிநாட்டவரிடம் இவை இரண்டையும் சொன்னால் புரியாது.

பழகும் முறை

குமுளி சோதனைச் சாவடிப் பக்கம் நின்றால் வண்டிகள் வரிசையாக வரும். டி.என். 60 தேனி, கே.எல். 06 இடுக்கி. ஒவ்வொரு பலகையையும் முதலில் இலக்கமாக வாசியுங்கள், பிறகு அதே எண்ணை ரூபாயாக, பிறகு ஆண்டாக. பலகையில் 1950 என்று வந்தால் ‘ஒன் நைன் ஃபைவ் ஜீரோ’, ‘ஒன் தவுசண்ட் நைன் ஹண்ட்ரட் அண்ட் ஃபிஃப்டி ருப்பீஸ்’, ‘நைன்டீன் ஃபிஃப்டி’. வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மனதுக்குள் சொன்னால் நாக்கு பழகாது. அப்புறம் வீட்டில் ஒருவர் ஆங்கிலத்தில் எண்ணைச் சொல்ல, மற்றவர் தாளில் இலக்கமாக எழுதட்டும். 13, 30, 14, 40 என்று டீனும் டியும் மாறி மாறி வரும்படி கலந்து கொடுங்கள். எழுதுகிறவர் பேனாவை எடுக்கும் முன் இலக்கத்தைத் திருப்பிச் சொல்லியாக வேண்டும் என்று வைத்துக்கொண்டால், கடையில் நிற்கும்போதும் அந்தப் பழக்கம் தானாக வாயில் வரும்.